விமானம் போகட்டும்

அத்தியாயம் ஆறு

அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் தெரியாது. நான் அதை எரிச்சலோடு கவனித்தேன். அத்தை அதைத் துப்பாகக் கவனித்தாள். முதலாளி நாற்காலியில் அவளும் ஸ்டூலில் நானும் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று பிற்பாடு சொல்லிக் காட்டவும் செய்தாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். அடுத்தவர் சொல்லும் பொய்யை வரி தவறாமல் எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தாள். கீழே துணி அழுக்கு, மேலே மனுஷ அழுக்கு என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் விளம்பரம். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லாததால் நான் வெறும் மருமகன். வேறு எங்கேயும் நிலைக்காததால் உதவியாளன்.

கேஸ் சுருக்கமானது. விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள். நீட்டினால், வேலியை ஒட்டியிருக்கும் இந்தத் தெரு முழுவதும் காலி. தெருக்காரர்கள் கமிட்டி வைத்து எதிர்க்கிறார்கள். கமிட்டித் தலைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் வேன் அக்கா. அவருடைய தம்பி மைக் செட் வைத்திருப்பவன். கமிட்டிக் கூட்டங்களுக்கு அவனுடைய ஒலிபெருக்கிதான், அவனுடைய ஜெனரேட்டர்தான்.

முந்தாநாள் யாரோ போலீஸின் ரகசியத் தகவல் எண்ணுக்குப் போன் செய்து கிசுகிசுத்திருக்கிறார்கள். கமிட்டியின் ஷெட்டில் பெட்ரோல் பாட்டில்கள் இருக்கின்றன, நிலம் அளக்க வரும் வண்டிகள் மேல் வீசப் போகிறார்கள் என்று. போலீஸ் வந்து பூட்டை உடைத்துப் பார்த்தது. பாட்டில்கள் இருந்தன. ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்த பெட்ரோல் என்று தம்பி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷெட்டுச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. அவனை அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இன்று மாலை பள்ளிக்கூட ஹாலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். வன்முறை வழக்கு இருக்கும்வரை கமிட்டிக்கு மைக் கிடையாது என்று கூட்டத்தை நடத்தும் விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார். தகவல் சொன்ன ஆளே நேரில் வந்து பொய் என்று ஒப்புக்கொண்டால் தம்பியை விட்டுவிடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். எங்கிருந்து வரப்போகிறான் என்ற தைரியத்தில் சொன்னதாக இருக்கும். ஆக, கிசுகிசுத்த ஆளை மாலைக்குள் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தம்பி உள்ளே, தெரு வெளியே.

வேன் அக்காவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். அலமாரியில் இருந்த கண்ணாடிச் சாமான்களைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். முதல் விமானம் போனதும் என் பேண்ட்டில் கொட்டிய டீ காரணத்தைப் புரியவைத்தது.

“போலீஸ் ஸ்டேஷன்ல எனக்குப் போட்டுக் காமிச்சாங்க. நான் பாக்கெட்டுக்குள்ள என் போன்ல பதிவு பண்ணிக்கிட்டேன்” என்றார் மருந்துக்கடைக்காரர். அவர்தான் கமிட்டிச் செயலாளர். தலைவலி மாத்திரையும் காதுக்குப் பஞ்சும் விற்றே தெருவில் முன்னுக்கு வந்தவர் என்று பின்னால் தெரிந்தது.

போனை மேஜையில் வைத்தார். குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத கிசுகிசுப்பு.

“வேலியோரத் தெருவுல கமிட்டி ஷெட் இருக்குல்ல. அதுக்குள்ள பெட்ரோல் பாட்டில் வச்சிருக்காங்க. அளக்க வர்ற வண்டி மேல”

அங்கே குரல் நின்றது. வெறும் அமைதி. துண்டித்துவிட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட அமைதி. பிறகு அதே கிசுகிசுப்பு.

“வீசப் போறாங்க.”

அவ்வளவுதான். குரல் தெரியக்கூடாது என்றுதான் கிசுகிசுத்திருக்கிறான் என்றார் மருந்துக்கடைக்காரர். நடுவில் பயத்தில் தொண்டை அடைத்திருக்கிறது என்றும் சொன்னார். பக்கத்தில் ஒருத்தன் நின்று சொல்லிக் கொடுத்திருப்பான், அடுத்த வார்த்தை என்னவென்று அவன் முகத்தைப் பார்த்திருப்பான் என்று வேன் அக்கா சொன்னார். ஆள் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஓடுபாதையை நீட்டும் கம்பெனி தெருக்கோடியில் கட்டி வைத்திருக்கும் மாதிரி வீட்டின் வாட்ச்மேன். இதே தெருக்காரர். முதன்முதலில் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பெனியிடமே வேலைக்கும் சேர்ந்தவர்.

“என் தம்பி ஒரு எறும்பைக்கூட” என்று ஆரம்பித்த வேன் அக்கா ஒரு விரலை உயர்த்தினார்.

அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. மருந்துக்கடைக்காரர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி அப்படியே நின்றார். நான் மட்டும் சத்தத்துக்கு மேல் சத்தமாக, இதை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூரைக்கு மேல் லாரி ஓட்டினால் இப்படித்தான் இருக்கும். விமானம் போய் முடிந்ததும் வேன் அக்கா விரலை இறக்கினார்.

“மிதிச்சதில்ல” என்று வாக்கியத்தை முடித்தார்.

சமையலறை வாசலில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள். தோளில் கைக்குழந்தை. சத்தம் வருவதற்கு முன்பே அவள் உள்ளங்கைகள் குழந்தையின் காதுகளை மூடியிருந்ததைப் பார்த்தேன். எந்தப் பயனும் இல்லை. குழந்தை உதறிக்கொண்டு விழித்து அழுதது. அவள் கண்களுக்குக் கீழே கருவளையம் கன்னம்வரை இறங்கியிருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, போகப் போகக் குழந்தைக்குப் பழகிவிடும் என்றேன்.

“எல்லாரும் அதையேதாங்க சொல்றாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவள் பையை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் போய்வருவதாகத் தலையசைத்தாள். மத்தியானத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூங்க வைத்துக் கூட்டி வருவாள், அங்கே சத்தம் கம்மி என்று வேன் அக்கா எங்களுக்கு விளக்கினார். புருஷன் ஸ்டேஷனில் இருக்கும் நாளிலும் பிள்ளை தூங்கித்தானே ஆகவேண்டும் என்று அவரே சேர்த்தும் சொன்னார். நல்ல நாத்தனார்.

அத்தை பதிவை இன்னொரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, விரல்நுனியால் தொடையில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள். பழைய தொழில் விரலை விட்டுப் போகவில்லை.

தெருவில் இறங்கி நடந்தோம். வீட்டுக்கு வீடு வாசலில் கமிட்டியின் தட்டி. பாதி வீடுகளில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. எதிரில் வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தவர்கள், ஒரு விமானத்துக்காக நின்று, அது போனதும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

“மருமகனே, பயந்து போன ஆளு பேச்சுல நடுவுல நின்னுட்டா, மறுபடி எப்படி ஆரம்பிப்பான்?”

“தண்ணி கேப்பான்.”

“ரெண்டு வார்த்தை பின்னால போய் ஆரம்பிப்பான். ‘வண்டி மேல, அளக்க வர்ற வண்டி மேல வீசப் போறாங்க’ன்னு சொல்வான். எழுதி வச்சதைப் படிக்கிறவனும் அப்படித்தான். கூண்டுல நின்னவங்க அத்தனை பேரையும் எழுதியிருக்கேன், எனக்குத் தெரியும். இந்தக் குரல் என்ன பண்ணுச்சு?”

“விட்ட இடத்துலேயே பிடிச்சுது” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. “வேன் அக்கா எறும்பை மிதிச்ச மாதிரி.”

“மிதிக்காத மாதிரி” என்று திருத்தினாள் அத்தை. “இந்தத் தெருவே அப்படித்தான் பேசுது. போன் பண்ணது கம்பெனி ஆளு இல்ல. இங்கேயே பொறந்து வளர்ந்த, இல்லன்னா இங்கேயே வாழ்ந்து பழகின ஆளு.”

நான் உடனே முட்டுக்கட்டை போட்டேன். என் வேலையில் அதுவும் ஒரு பகுதி. விமானத்துக்காக நிறுத்தியிருந்தால் பதிவில் விமானச் சத்தம் இருக்க வேண்டுமே. ஒரு ஈ பறந்த சத்தம்கூட இல்லையே.

“அதுதான்டா கேஸே” என்றாள் அத்தை. “விமானம் கண்ணுக்குத் தெரியணும். காதுக்குக் கேக்கக் கூடாது. அப்படி ஒரு இடம் இந்தத் தெருவுல எங்க இருக்கு?”

தெரு முடியும் இடத்தில் நின்றோம். எதிரே மாதிரி வீடு.

தெருக்காரர்களை மயக்குவதற்காகக் கம்பெனி கட்டிய வீடு அது. நிலத்தைக் கொடுத்தால் தூரத்தில் இதே மாதிரி ஒரு வீடு உங்களுக்கும் என்று வாசலில் பலகை. வெள்ளைச் சுவர், புல்தரை, இரட்டைக் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல்கள். விமானச் சத்தமே கேட்காத வீடு என்று பலகையில் தனியாக ஒரு வரி. சத்தம் போடுகிறவனே சத்தம் கேட்காத ஜன்னலும் விற்கிறான், நல்ல வியாபாரம் என்று அத்தையிடம் சொன்னேன். தெருக்காரர் யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. மிதித்தவர் ஒருவர்தான். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வாட்ச்மேனுக்கு வயது நிறைய. எங்களை வீடு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, மனப்பாடம் செய்த வசனத்தைத் தெருமுனைவரை கேட்கும் குரலில் ஆரம்பித்தார். மூன்று அறை, மாடுலர் கிச்சன், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு விமானம் கிளம்பித் தலைக்கு மேல் வந்தது. எனக்குப் பல் கிட்டியது. அவர் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. விமானம் போனபோது அவர் குளியலறைக் குழாய்வரை வந்துவிட்டிருந்தார்.

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. இந்த மனிதர் எதற்கும் நிறுத்துகிறவர் இல்லை.

விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவராம். அதில் காது போய்விட்டது. வேலையும் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் கையெழுத்துப் போட்டேன் என்றார். தெருவில் யாருமே உங்களிடம் பேசுவதில்லையாமே என்று அத்தை அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

“பேசுனா மட்டும் எனக்குக் கேட்டுடப் போகுதா?” என்று சிரித்தார். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

இந்தக் குரலால் கிசுகிசுக்கவும் முடியாது. கிசுகிசுத்தாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும். எங்கள் ஒரே சந்தேக ஆசாமியும் கை நழுவிவிட்டார். அத்தை கடைசியாக ஒன்று கேட்டாள். தெருக்காரர்கள் வேறு யாராவது இந்த வீட்டுக்குள் வந்து போகிறார்களா?

“கேக்கலம்மா” என்றார் வாட்ச்மேன்.

அத்தை இன்னும் சத்தமாகக் கேட்டாள். காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துவிட்டார். மற்ற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவருக்கு இந்தக் கேள்வி மட்டும் கேட்காமல் போய்விட்டது.

உள்ளே போனோம். கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் நான் பயந்தே போனேன். அப்படி ஓர் அமைதி. என் வயிறு கூப்பிடுவது எனக்கே கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் முழு உருவத்தோடு வேலியைத் தாண்டி மேலே ஏறியது. ஒரு சின்ன முனகல்கூட உள்ளே வரவில்லை.

“அத்தை, இந்த வீட்டைத் தர்றேன்னு சொன்னா நானே கையெழுத்துப் போட்டுடுவேன்.”

“அதுக்கு முதல்ல உனக்குன்னு ஒரு வீடு இருக்கணும்” என்றாள்.

கூடத்தில் பிளாஸ்டிக் பழங்கள். சமையலறையில் ஒரு தடவையும் எரியாத அடுப்பு. எல்லாம் பார்வைக்கு வைத்தபடி இருந்தது. படுக்கையறை மட்டும் அப்படி இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் துணிக்கு நடுவில் வைத்திருந்தார்கள். கட்டிலில் தலைமாட்டில் அழகாகச் சாய்த்து வைக்க வேண்டிய அலங்காரத் தலையணைகளெல்லாம் ஒரு பக்க ஓரமாக வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்டி விளையாடியிருக்கிறார்கள் என்றேன்.

அத்தை கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். துப்புக் கிடைத்தால் அவள் மூக்கு விடைக்கும். இன்று அப்படி இல்லை. எதையோ கீழே போட்டு உடைத்தவள்போல நின்றாள்.

“இந்தத் தலகாணிச் சுவர் எதுக்குடா?”

“உருண்டு விழாம இருக்க.”

“எது?”

நான் பதில் சொல்வதற்குள் பின்கதவு மெல்லத் திறந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடையில் உள்ளே வந்தது தம்பியின் மனைவி. தோளில் குழந்தை கண் சொருகிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

அத்தை உதட்டில் விரலை வைத்தாள்.

“முதல்ல படுக்க வைம்மா” என்று கிசுகிசுத்தாள்.

அவள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். தலையணைகளைப் பார்க்காமலேயே சரி செய்தாள். கைக்கு அவ்வளவு பழக்கம். நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று ரகசியக் குரலில் பேசத் தொடங்கினோம். யாரும் யாரிடமும் குரலை மறைக்கவில்லை. குழந்தை தூங்கியது, அவ்வளவுதான் காரணம். அந்த இடத்தில்தான் என் மரமண்டையிலும் ஏதோ தட்டியது.

“தூங்க வைக்கத்தாங்க வர்றேன். வேற ஒண்ணுமில்ல. அந்தப் பெரியவரு பாவம் பார்த்துப் பின்கதவைத் திறந்து வைக்கிறாரு. அண்ணிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல”

நிறுத்தினாள். கண் தானாக ஜன்னலுக்குப் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் கடந்து போனது. அது மறையும்வரை காத்திருந்தாள்.

“சேர்க்க மாட்டாங்க” என்று முடித்தாள்.

அதே கிசுகிசுப்பு. அதே இடைவெளி. விட்ட இடத்தில் அதே பிடி.

“நடுவுல எதுக்கும்மா நிறுத்தின?” என்று அத்தை கேட்டாள்.

“விமானம் போச்சுல்ல.”

“கேட்டுச்சா?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போதும் மெத்தை அசையாமல் பார்த்துக்கொண்டாள்.

“நான் அவரைச் சொல்லலீங்க. ஷெட்டைத்தான் சொன்னேன்.”

ஒரு வில்லனை எதிர்பார்த்து வந்தவன் நான். கம்பெனியிடம் காசு வாங்கிய ஒரு கறுப்பாடு, கன்னத்தில் இரண்டு அறை, ஒரு துரத்தல் என்று மனதில் கணக்குப் போட்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவளை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பிள்ளை ஒரு இரவும் முழுசாகத் தூங்கவில்லை, மூச்சுவிட மறந்ததுபோல உதறுகிறது, டாக்டர் அமைதியான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் என்றாள். புருஷனிடம் கெஞ்சியிருக்கிறாள். அக்கா போராடும்போது நான் மட்டும் எப்படிப் போவது என்று அவன் சொல்லியிருக்கிறான். தன் அம்மா வீட்டிலும் இடமில்லை, அண்ணன் குடும்பம் நிறைந்து கிடக்கிறது. அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னதெல்லாம் இந்த வீட்டுக்குத்தான்.

“போலீஸ் வந்தா மைக் செட்டை எடுத்துக்கிட்டுப் போயிடும், கூட்டம் நின்னுடும், அண்ணியும் அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுடுவாங்கன்னு நினைச்சேன். சாவி அவர்கிட்ட இருக்குங்கிறதே எனக்கு ஞாபகம் வரல. எத்தனை நாளாத் தூங்காத மண்டைங்க இது.”

பெட்ரோல் எதற்கென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை என் காலை மிதித்தாள்.

“நீயா வந்து சொன்னாத்தாம்மா அவன் வெளிய வருவான். நாங்க சொன்னா எடுபடாது” என்றாள் அத்தை.

“சொல்றேன். இவன் முழிச்சுக்கட்டும். இவன் தானா முழிச்சு நான் பார்த்திருக்கிறது இந்த வீட்டுல மட்டுந்தான்.”

கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் தவித்தேன். அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். விமானங்கள் ஊமைப் படம்போல ஜன்னலில் வந்து வந்து போயின. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்ணின் கை தானாக எழுந்து, குழந்தையின் காதுவரை போய், அவசியமில்லை என்று தெரிந்து மடிக்குத் திரும்பியது.

வேன் அக்காவிடம் சொல்வதை மட்டும் அத்தை தானே செய்தாள். வேனுக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். வேன் அக்கா திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. தம்பி மனைவியை நிமிர்ந்து பார்க்காமல், ஏறு என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினார். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுவதைவிட மெதுவாகத்தான் ஓட்டினார். வழியில் ஒரு தடவை மட்டும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார்.

ஸ்டேஷனில் அவள் எல்லாவற்றையும் நின்றபடி சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு வாக்கு மாற வழியில்லை. குடும்பச் சண்டையை ஸ்டேஷனுக்குக் கொண்டு வருகிறீர்களா என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரு வசவு வைத்துவிட்டுத் தம்பியை அனுப்பினார். அவன் வெளியே வந்து பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டான். வேனுக்கு நடக்கும்போது விமானம் வந்தது. அவனுக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது, அதனால் ஒரு காதைத்தான் மூட முடிந்தது. இன்னொரு காதை அவள் மூடினாள். விமானம் போனதும் இருவரும் ஒதுங்கி நடந்தார்கள்.

கேஸ் முடிந்தது. வேறு எந்தக் கேஸாக இருந்தாலும் நானும் அத்தையும் இந்நேரம் பஸ் ஏறியிருப்போம். கூட்டத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் அத்தை. அவளுக்கு மனசு சரியில்லை.

ஹால் நிரம்பி வழிந்தது. ஸ்டேஷனில் நடந்தது எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. மேடையில் விசாரணை அதிகாரி, வெளியூர்க்காரர், கையில் பேனா. கமிட்டிக்குப் பேச அனுமதி உண்டு என்று அறிவித்தார். அதற்கு முன் கம்பெனி அதிகாரியைக் கூப்பிட்டார். மடிப்புக் கலையாத சட்டையும் மென்மையான குரலுமாக ஒருவர் எழுந்தார். புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவசியமே ஏற்படவில்லை.

“ஒரு தாய், தன் குழந்தை நிம்மதியாத் தூங்கணும்னு, கமிட்டித் தடையையும் மீறி எங்க வீட்டைத் தேடி வந்திருக்காங்க. அதுவும் கமிட்டித் தலைவியோட சொந்த வீட்டுல இருந்து. இந்த மக்களுக்கு உண்மையிலேயே என்ன வேணும்னு இதுக்கு மேலயும் சொல்லணுமா?”

நடுவில் ஒரு விமானம் போனது. அவர் நிறுத்தவில்லை. மைக்கை உதட்டோடு ஒட்டி, சத்தத்துக்கு மேலேயே பேசினார். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் தம்பியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தச் சட்டையைக் கசக்க வேண்டும்போல இருந்தது. துப்புக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுத்தவர்களே நாங்கள்தானே என்ற நினைப்பு வந்து என்னை உட்கார வைத்தது.

வேன் அக்கா மைக்குக்கு வந்தார். கையில் காகிதம் இல்லை.

“அவ பண்ணது தப்பு. அதை அவளே ஒத்துக்கிட்டா. எங்க வீட்டுக் குழந்தை உங்க வீட்டுலதான் தூங்குது. அதுவும் நிஜம். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பச்சப் பிள்ளையோட தூக்கத்தை முதல்ல பறிச்சுக்கிட்டது”

ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. வேன் அக்கா விரலை உயர்த்தி நிறுத்தினார். ஹாலில் இருந்த மொத்தத் தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் அடுத்த வார்த்தை தெரியும். விமானம் போகட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

மேடையில் இருந்த விசாரணை அதிகாரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பேசிக்கொண்டிருந்த பெண்மணி விரலைத் தூக்கிவிட்டுச் சும்மா நிற்பதைத்தான் அவர் கண்டார். பேனாவை மூடினார். அவர் உதடு அசைந்ததை அத்தை படித்துவிட்டாள். நன்றி, அடுத்தவர். அத்தை பாதி எழுந்து கையை ஆட்டினாள். அவங்க இன்னும் முடிக்கல என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மத்தியானம் வேன் அக்கா வீட்டுக் கூடத்தில் கத்தியதுபோலத்தான், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓர் ஊழியர் பணிவாக வந்து வேன் அக்காவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனார்.

விமானம் போனது. வேன் அக்கா விரலை இறக்கினார். விட்ட இடத்திலிருந்து, ஒரு வார்த்தைகூடப் பின்னால் போகாமல், வெறுங்குரலில் சொன்னார்.

“நீங்கதான்.”

மைக் அதற்குள் டாக்சி சங்கத் தலைவர் கையில் இருந்தது. விரிவாக்கத்தை வரவேற்று அவர் பேசிக்கொண்டிருந்தார்.